மூன்றாம் வகுப்பில் போய் உட்காருங்கள்

எந்தப் பள்ளியில் சேர்ப்பது? - 6

சென்ற வாரம் தனியார் பள்ளிக் கட்டண ரசீதை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தோம். அந்தக் கணக்கு முடிந்ததும் வீட்டில் எழும் பேச்சு, “அப்போ நம்ம தெருமுனை அரசுப் பள்ளியிலயே சேத்துடலாமா?” என்பதுதான். இதற்கு ஒரே பதில் கிடையாது. ஒரே ஒன்றியத்தில், பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருக்கும் இரண்டு தொடக்கப் பள்ளிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. பாடப் புத்தகம் ஒன்று, சீருடை ஒன்று, ஆசிரியர் சம்பளம் ஒன்று. ஆனால் ஒரு பள்ளியில் எட்டு வயதுப் பிள்ளை பேருந்துப் பலகையை வாசித்துவிடும். மற்றதில் தன் பெயரைத் தாண்டினால் திணறும். ஆகவே அரசுப் பள்ளிகளைப் பற்றிப் பொதுவாக விவாதிப்பதை விட்டுவிட்டு, நம் வீட்டருகே இருக்கும் அந்த ஒரு பள்ளியை எப்படிப் பார்ப்பது என்று பார்ப்போம்.

முதலில், எப்போது போவது? 2024, 2025 ஆண்டுகளில் மார்ச் 1 அன்றே அரசுப் பள்ளிகளில் மாணவர் சேர்க்கை தொடங்கிவிட்டது. பள்ளி நடந்துகொண்டிருக்கும் பிப்ரவரி, மார்ச்தான் சரியான நேரம். மே மாதம் போனால் பூட்டைத்தான் பார்ப்பீர்கள். ஆண்டு விழா நாளில் போனால் பந்தலைப் பார்ப்பீர்கள். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போங்கள்.

சுவரைப் பார்க்காதீர்கள்

ரயில் பெட்டி போல வண்ணமடித்த வகுப்பறை, சுவரெல்லாம் ஓவியம், தொலைக்காட்சித் திரை வைத்த ஸ்மார்ட் வகுப்பு - இவை பள்ளிக்கு நல்லவைதான். ஊர்க்காரர்களோ முன்னாள் மாணவர்களோ அக்கறை எடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். அதற்கு மேல் அவற்றிலிருந்து எதையும் முடிவுகட்ட முடியாது. கட்டடத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு: கழிப்பறையும் குடிதண்ணீரும். கழிப்பறை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கதவைத் திறந்து பாருங்கள். தாழ்ப்பாள் உண்டா, தண்ணீர் வருகிறதா, யார் கழுவுகிறார்கள்? பிள்ளைகளைக் கழுவவிடும் பள்ளி என்று தெரிந்தால் மேலே விசாரிக்கவே வேண்டாம்.

எத்தனை வகுப்பு, எத்தனை ஆசிரியர்?

அடுத்தது ஒரு எளிய கணக்கு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் போதும். 61 முதல் 90 வரை 3 பேர், 91 முதல் 120 வரை 4 பேர், 121 முதல் 200 வரை 5 பேர். வகுப்புகளோ எப்போதும் ஐந்து. எனவே 40 பிள்ளைகள் படிக்கும் ஈராசிரியர் பள்ளி சட்டப்படி சரியாகவே இருக்கும். ஆனால் அந்த இருவரில் ஒருவர் தலைமை ஆசிரியர். பதிவேடு, எமிஸ் இணையதளப் பதிவு, வட்டாரக் கல்வி அலுவலகம் என்று அலைவதும் அவர்தான். மற்றவர் பயிற்சிக்குப் போய்விட்டால் அன்று ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள்.

அதற்காக ஈராசிரியர் பள்ளி என்றதும் ஒதுக்கிவிட வேண்டாம். பதினைந்து பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் எந்த எழுத்தில் தடுக்குகிறார்கள் என்று சொல்லக்கூடிய ஆசிரியர்கள் அந்தப் பள்ளிகளில் இருக்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று: அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, அதில் காலி எத்தனை, மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போனவர் யாராவது உண்டா? பட்டியலில் நான்கு பெயர் இருந்து, வகுப்பில் இரண்டு பேர் நிற்பது இப்படித்தான். பள்ளிகளின் விவரங்களைத் தொகுக்கும் யுடைஸ் இணையதளத்தில் பள்ளியின் 11 இலக்க எண்ணைக் கொடுத்தால் மாணவர், ஆசிரியர் எண்ணிக்கை கிடைக்கும். அது பள்ளி தானே நிரப்பிய கணக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் சரிபாருங்கள்.

ஒரு கதை, ஒரு கழித்தல்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். உங்கள் பிள்ளை சேரப்போவது ஒன்றாம் வகுப்பு. நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றாம் வகுப்பு. முதல் இரண்டு ஆண்டுகளில் பள்ளி என்ன செய்தது என்பது அங்கேதான் தெரியும். அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனிப் பாடங்களாகப் பிரிவதும் அந்த வகுப்பில்தான். வாசிக்கத் தெரியாமல் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு அன்றிலிருந்து எல்லாப் பாடமும் சுமை. இந்தியக் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட 2024ஆம் ஆண்டு அசர் ஆய்வில், அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 23.4 சதவீதத்தினர்தான் இரண்டாம் வகுப்புத் தரத்திலான ஒரு சிறு கதையை வாசித்தார்கள். நீங்கள் போகும் பள்ளி அந்த நாலில் ஒன்றை உருவாக்குகிறதா, மற்ற மூன்றையா?

தலைமை ஆசிரியரிடம் முறையாக அனுமதி கேளுங்கள். “சார், மூணாம் வகுப்புப் பிள்ளைங்க வாசிக்கிறதைக் கொஞ்ச நேரம் கேக்கலாமா?” என்றால் போதும். பாடப் புத்தகத்தை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது மனப்பாடமாக வரும். வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் கொடுத்த சிறு புத்தகங்கள் பள்ளியில் இருக்கும். அதில் பிள்ளை இதுவரை படிக்காத ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் புத்தகங்களின் ஓரம் மடங்கி, அட்டை கிழிந்திருந்தால் மகிழ்ச்சியடையுங்கள். பீரோவுக்குள் புத்தம்புதிதாக அடுக்கி வைத்திருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

ஆசிரியர் தானாக எழுப்பிவிடும் பிள்ளை வகுப்பின் கெட்டிக்காரப் பிள்ளை. அது வாசித்து முடித்ததும், கடைசியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் போய் அருகில் அமர்ந்து, இருவருமாக வாசியுங்கள். பரீட்சை வைக்கும் அதிகாரி போல நிற்க வேண்டாம். பிறகு 52-இல் 27 போனால் எவ்வளவு என்று கேளுங்கள். 25 என்றால் நல்லது. 35 என்றால், இரண்டு இலக்கங்களில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது; கடன் வாங்கிக் கழிப்பது புரியவில்லை. தவறான விடை வந்தால் பிள்ளையைப் பார்க்காமல் ஆசிரியரின் முகத்தைப் பாருங்கள். “இவனுக்கு இடமதிப்பு இன்னும் வரலைங்க, குச்சிக்கட்டு வச்சு சொல்லிக் கொடுத்துட்டிருக்கேன்” என்று சொல்பவரிடம் உங்கள் பிள்ளையை நம்பிக் கொடுக்கலாம். “அவன் வீட்ல யாரும் கவனிக்கிறதில்லைங்க” என்று முடித்துக்கொள்பவர், நாளை உங்களைப் பற்றியும் அதையே சொல்வார்.

இன்னொரு கேள்வி: 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் அரும்பில் எத்தனை பேர் இருந்தார்கள், இப்போது எத்தனை பேர் என்று கேளுங்கள். பெயர் சொல்லிப் பதில் வந்தால் வேலை நடக்கிறது.

சாப்பாட்டு நேரம்

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. மதியம் சத்துணவு. இந்த இரண்டு வேளையில் ஒரு வேளையாவது அங்கே இருங்கள். ருசி இரண்டாவது, யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பது முதலாவது. காலை உணவைச் சமைப்பவரின் சாதியைச் சொல்லிப் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்த செய்திகள் 2023இல் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வந்தன. உங்கள் பள்ளியில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்பதைத் தட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வகுப்பறை மூலையில் பிரம்பு நிற்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. “சும்மா மிரட்டத்தாங்க” என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள்.

ஆங்கில வழி இருக்கிறதா?

பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். 2012-13 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. சிறிய பள்ளிகளில் தமிழ் வழிப் பிள்ளையும் ஆங்கில வழிப் பிள்ளையும் ஒரே அறையில் ஒரே ஆசிரியரிடம் படிப்பதுண்டு. கையில் இருக்கும் புத்தகம் மட்டும் வேறு. தனி ஆசிரியர் இல்லாத ஆங்கில வழியைவிட, நன்றாக வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் தமிழ் வழியே மேல் என்பது என் கருத்து.

நீங்களும் உள்ளே

இத்தனையும் பார்த்த பிறகு ஒரு பள்ளி பாதி நன்றாகவும் பாதி குறையாகவும் தெரியலாம். பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். தனியார் பள்ளியில் குறை கண்டால் மாற்றுச் சான்றிதழ் வாங்குவதே வழி. அரசுப் பள்ளியில் சட்டம் வேறு வழி தந்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பது அந்தக் குழு. காலிப் பணியிடத்துக்கு ஆசிரியர் கேட்டோ, கழிப்பறைக்குத் தண்ணீர் கேட்டோ அங்கே தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாம். கடைசிக் கூட்டத்தின் தீர்மானப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கையெழுத்து மட்டும் இருந்து விவாதம் இல்லாவிட்டால், அந்தக் குழு தூங்குகிறது.

கட்டடமும் கழிப்பறையும் பெற்றோர் கேட்டால் சரியாகும். மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசையைக் கவனிக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அவர் இருந்தால் துணிந்து சேருங்கள். சேர்த்த கையோடு மேலாண்மைக் குழுவிலும் சேருங்கள்.

அடுத்த வாரம்: அரசு உதவிபெறும் பள்ளிகள்.

(தொடரும்)