விதி வகுத்தவரின் அணி

மைதானமே இல்லாத ஒரு பேஸ்பால் அணியைப் பற்றிச் சொல்கிறேன். 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் நியூயார்க்கில் நண்பர்களைச் சேர்த்து ஒரு கற்பனை லீக் தொடங்கினார். அவர்கள் கூடிச் சாப்பிட்ட உணவகத்தின் பெயரால் அது 'ரோட்டிசரி லீக்' ஆயிற்று. ஒவ்வொருவரும் நிஜ ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்து அணி அமைக்க வேண்டும். 260 டாலர், 23 பேர் என்பது பிறகு நிலைத்த கணக்கு. நம் சிக்சர் போன்ற ஹோம்ரன்னை அந்த ஆட்டக்காரர் நிஜ ஆட்டத்தில் அடித்தால், அது ஏலத்தில் எடுத்தவர் கணக்கில் ஏறும். பத்திரிகையில் வரும் புள்ளிவிவரத்தைப் பார்த்துக் கையாலேயே கூட்டல், பெருக்கல்! கிரிக்கெட் ஸ்கோரை நோட்டில் எழுதிவைத்த நமக்கு இந்தப் பைத்தியம் புரியும்.

ஓக்ரென்ட்டின் அணிக்குப் பெயர் 'ஓக்ரென்ட் ஃபெனோகீஸ்'. ஜார்ஜியா மாநிலத்து ஓகெஃபெனோகீ சதுப்பு நிலத்தை வைத்துச் செய்த சிலேடை. ஆட்டம் அமெரிக்கா முழுவதும் பரவியது. விதிகளை வகுத்த அவரோ அந்த லீக்கில் ஒருமுறைகூட முதலிடம் பிடிக்கவில்லை.