இசையும் இரைச்சலும்

பர்கூர் மலையடிவாரத்தில் அமைந்த ஊர் அந்தியூர். அதனை அடுத்த புதுப்பாளையத்தில் ஆண்டுதோறும் ஆடித் திங்களில் குருநாதசுவாமி திருவிழா நடைபெறும். மாடுகளும் குதிரைகளும் கூடும் பெருஞ்சந்தையும் அப்போது நிகழும். இத்தகைய விழாக்கள் கொங்கு நாட்டில் பல. நாகசுரமும் தவிலும், பம்பையும் உடுக்கையும் அவற்றிற்கு அழகு செய்வன.

இந்நாட்டு இசைச் செல்வத்துள் பெரும்பகுதி ஏட்டில் எழுதப்பெறாதது. வாய்வழியே வாழ்ந்து வருவது. உடுக்கை அடித்துப் பாடப்பெறும் அண்ணன்மார் கதையை, மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் 1965ஆம் ஆண்டில் காங்கேயம் பகுதியில் நாடாவில் பதிவு செய்தார். அதனால் அக்காலப் பாடகரின் குரல் இன்றும் அழியாதிருக்கின்றது. இந்நாளில் விரல்நுனி அளவே உள்ள ஒலிவாங்கியைக் கொண்டு மாணவரும் இப்பணியைச் செய்யலாம். ஆயினும், பதிவில் இரைச்சல் புகுந்தால் உழைப்பு வீணாகும்.

நேரில் கேட்கும்போது உறுத்தாத இரைச்சல் பதிவில் மட்டும் மிகுதியாகத் தோன்றுவது ஏன்? மனிதன் செவியால் கேட்பினும், வேண்டியதை மனம் பிரித்தெடுத்துக்கொள்கிறது. ஒலிவாங்கிக்கு மனம் இல்லை. பாட்டையும் பக்கத்துப் பேச்சையும் அது ஒன்றுபோலவே ஏற்கிறது.

இரைச்சலின் தன்மையைக் கொண்டே அதன் பிறப்பிடத்தை அறியலாம். ‘புஸ் புஸ்’ என இடையிடையே மோதும் ஒலி காற்றினால் வருவது. ஒலிவாங்கியின்மேல் பஞ்சுறை அணிவித்தால் அது தணியும். ‘கரகர’ என்பது ஆடையோ கையோ கம்பியோ உராய்வதால் எழுவது. ஒலிவாங்கியைத் தாங்கியில் நிறுத்தி, கம்பி அசையாதவாறு கட்டுதல் வேண்டும். தாழ்ந்த குரலில் இடைவிடாது ஒலிக்கும் ரீங்காரம் பெரும்பாலும் மின்சாரத்தால் விளைவது. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவது; விளக்குக் கம்பிகளை ஒட்டி ஒலிக்கம்பி சென்றால் அவ்வலைவு அதனுள் புகும். இரண்டையும் விலக்கி வைத்தலும், பதிவுக் கருவியை மின்கலத்தால் இயக்குதலும் நலம். விட்டுவிட்டு வரும் ‘டிர்ர்’ என்னும் ஒலிக்கு அருகிலுள்ள கைப்பேசி காரணமாகலாம்.

தவில் முழங்கும்போது மட்டும் ஒலி சிதறுமாயின், அது கருவியின் அளவை மீறியதாகும். பதிவளவைக் குறைத்தல் வேண்டும். கூட்டத்தின் ஆரவாரம் பாட்டை மூடுமாயின், பாடகரை நெருங்கி வைப்பதே வழி. திறந்தவெளியில் தொலைவு பாதியானால், அவரிடமிருந்து நேரே வரும் ஒலியின் செறிவு நான்கு மடங்காகும். தொலைவில் வைத்துப் பதிவளவை உயர்த்தினாலோ, ஆரவாரமும் உடன் உயரும்.

நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்தபின் மருந்து தருக என்பது வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த முறை. இங்கும் அதுவே முறை. நிகழ்ச்சிக்கு முன்னரே வந்து, காதணிக் கேட்பியில் சிறிது பதிந்து கேட்டல் வேண்டும். குறை தோன்றின் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. கம்பியை மாற்றியதும் ரீங்காரம் நின்றால், குற்றம் கம்பியினுடையது. பலவற்றை ஒருங்கே மாற்றினால் இரைச்சல் நீங்கலாம். அதன் காரணம் விளங்காது. மறுநாளும் அது வரும்.

பதிந்தபின் இரைச்சலைக் குறைக்கும் பொறிகள் இன்று உள்ளன. எனினும், அவை இசையிலும் ஒரு பகுதியை அரித்துவிடுதல் உண்டு. சிதறிய ஒலியை முழுதும் மீட்டலும் அரிது. முதிய பாடகர் ஒருவர் இன்று பாடிய பாட்டை மறு ஆண்டும் பாடுவார் என்பதற்கு உறுதி இல்லை. ஆதலின், வருமுன் காத்தலே ஒலிப்பதிவிற்கும் தலையாய நெறியாகும்.