சளி என்ன நிறம்? இளைப்புக்காரர் வீட்டில் பார்க்க வேண்டியது இதைத்தான்!

சென்னை–

"தம்பி, போன மழைக்குக் குடுத்தியே ஒரு மாத்திரை, அதுல நாலு குடுப்பா. அவருக்கு இளைப்பு தாங்கல!"

மழை பிடித்துக்கொண்டால் சென்னை மருந்துக் கடைகளில் இந்தக் குரல் கேட்கும். பீடி, சிகரெட் பிடித்து நெஞ்சு கெட்டவர்கள், வருஷக்கணக்கில் விறகு அடுப்பு ஊதிய பாட்டிமார்கள்... "சி.ஓ.பி.டி." என்று டாக்டர்கள் சொல்லும் நாள்பட்ட நுரையீரல் நோய் இவர்களுக்குத்தான் அதிகம்.

சும்மா நாளிலேயே மூச்சு வாங்கும். ஜலதோஷம் வந்தாலோ, புகை பட்டாலோ திடீரென்று முற்றிவிடும். உடனே வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஆன்டிபயாடிக்!

ஆனால் வைரஸாலும் புகையாலும் வந்த இளைப்பை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. காசுதான் தண்டம்.

3 கேள்வி

மூச்சுத் திணறல் வழக்கத்தைவிட கூடியதா? சளி அதிகமா? சீழ் மாதிரி மஞ்சளாக, பச்சையாக மாறிவிட்டதா? டாக்டர்கள் இதைத்தான் துருவித் துருவிக் கேட்கிறார்கள். மூன்றும் இருந்தால் ஆன்டிபயாடிக் உண்டு. இரண்டுதான் என்றால், அதில் ஒன்று நிறம் மாறியதாக இருக்க வேண்டும். மூச்சுக் கருவி வைக்கும் அளவுக்குப் போனவர்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது. மருந்து கொடுத்தே ஆகவேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கு வழிகாட்டியது கனடா நாட்டு வின்னிபெக் நகரில் 173 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு. 1987-ல் வெளியானது. ஆன்டிபயாடிக் கொடுத்தபோது 100-க்கு 68 தடவை தேறினார்கள். மருந்தே இல்லாத வெத்து மாத்திரை கொடுத்தபோதும் 55 தடவை தேறினார்கள்! மருந்தால் நல்ல பலன் கண்டது மூன்று தொந்தரவும் சேர்ந்து இருந்தவர்கள்தான்.

தேவைப்பட்டவர்களுக்கும் பெரும்பாலும் 5 நாள் போதும். இரண்டாம் நாளே "சரியாப் போச்சு" என்று நிறுத்துவதும் தப்பு. மூச்சுக் குழாயை விரிப்பது உள்ளே இழுக்கும் 'இன்ஹேலர்' மருந்துதான். அதை மூலையில் போட்டுவிட்டு மாத்திரையை நம்பி என்ன லாபம்?

ஒளிந்திருக்கும் டி.பி.

நம் ஊரில் இன்னொரு வில்லங்கம் உண்டு. லெவோஃப்ளாக்ஸசின் வகை மாத்திரை டி.பி. கிருமியையும் கொஞ்சம் அடக்கும். இருமல் குறைந்த மாதிரி தெரியும். நோய் உள்ளேயே இருக்கும், கண்டுபிடிக்க நாளாகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயந்திரக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் என்றால் முதலில் சளியைச் சோதிக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இது இலவசம்.

இந்த மாத்திரையைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. 2014 மார்ச் 1 முதல், சீட்டு எழுதிய டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆனாலும் பழகிய முகம் என்றால் பதிவேடு எங்கே, சீட்டு எங்கே?

உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூச்சு போதாவிட்டாலோ, ஆள் பிதற்றினாலோ கடைக்கு ஓடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.