சோனி ஆல்பா 7ஆர் 2

சோனி ஆல்பா 7ஆர் 2 என்பது ஜப்பானின் சோனி நிறுவனம் 2015 ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிமுகப்படுத்திய, முழுச்சட்டப் படவுணரி கொண்ட ஆடியிலா எண்ணிம ஒளிப்படக்கருவி ஆகும். இதன் படவுணரி 42.4 மெகாபிக்சல் பிரிதிறன் உடையது. 2013 இல் வெளிவந்த 36.4 மெகாபிக்சல் ஆல்பா 7ஆர் கருவியின் வழித்தோன்றல் இது. பழைய 35 மி.மீ. படச்சுருளின் சட்டத்திற்கு ஏறத்தாழ இணையான, அதாவது 36 × 24 மி.மீ. அளவுள்ள படவுணரியே முழுச்சட்டம் எனப்படுகின்றது. ஆடியிலாக் கருவியில், வில்லை வழியே வரும் ஒளியைத் திருப்பும் கண்ணாடி இல்லை. படவுணரி காணும் காட்சியே மின்னணுக் காண்குழலில் காட்டப்படுகின்றது.

படவுணரி

வழமையான சீமாஸ் படவுணரிகளில் ஒளியை உணரும் பகுதிக்கு மேலே கடத்திகளின் படலம் அமைந்திருக்கும். பிக்சல்கள் சிறுக்கச் சிறுக்க இப்படலம் ஒளியை மறைக்கும் விகிதம் கூடுகின்றது. பின்புற ஒளியூட்டல் முறையில் இப்படலம் உணர்பகுதிக்குக் கீழே செல்கின்றது. கைபேசிகளில் ஏற்கனவே வழக்கில் இருந்த இம்முறையை முழுச்சட்ட அளவில் முதன்முதலாகக் கொண்டுவந்தது இக்கருவியே. படங்களைச் சற்று மங்கலாக்கி மொய்ரே கோலங்களைத் தடுக்கும் வடிகட்டி இதில் இல்லை. எனவே நுண்விவரம் கூடுகின்றது. ஆனால் நெய்த துணி, தொலைவிலுள்ள கட்டடங்களின் சன்னல் தட்டிகள் போன்றவற்றில் போலி நிறக்கோடுகள் தோன்ற வாய்ப்புண்டு.

பிரிதிறனை மதிப்பிடல்

மெகாபிக்சல் எண்ணிக்கை, பிரிதிறன் உயர்வை மிகைப்படுத்திக் காட்டும் ஓர் அளவு ஆகும். 24 மெகாபிக்சல் கருவியின் படம் அகலவாக்கில் 6000 பிக்சல்கள் கொண்டது. ஆல்பா 7ஆர் 2 இன் படம் 7952 பிக்சல்கள் கொண்டது. மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 77 விழுக்காடு உயர்ந்தாலும், நீளவாக்கிலான உயர்வு 33 விழுக்காடு மட்டுமே. அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் அச்சிட்டால் 26.5 × 17.7 அங்குலப் படம் கிடைக்கும். இதற்கும் சிறிய அச்சிலோ கணினித் திரையிலோ பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு புலப்படுவது அரிது.

இப்பிரிதிறன் படத்தில் உண்மையில் வந்து சேர்வது மூன்று காரணிகளைப் பொறுத்தது. முதலாவது வில்லை. ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 4.5 மைக்ரோமீட்டர். வில்லையின் ஓரப்பகுதிகள் மங்கலாக இருப்பின், நடுவில் மட்டுமே 42 மெகாபிக்சலின் பயன் தெரியும். இரண்டாவது ஒளியின் விளிம்பு விளைவு. பச்சை ஒளிக்கு எஃப்/5.6 துளையில் ஒரு புள்ளி சுமார் 7.5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள வட்டமாகப் பரவுகின்றது. எஃப்/11 இல் அது சுமார் 15 மைக்ரோமீட்டர், அதாவது மூன்று பிக்சல்களுக்கும் மேல். துளையைச் சுருக்கினால் முன்னும் பின்னும் கூர்மை கூடும் என்ற பழைய பழக்கம் இங்கு ஓரளவிற்கு மேல் கேடாகவே முடியும். இயற்கைக்காட்சி எடுப்போர் இதனை அடிக்கடி மறந்துவிடுகின்றனர்.

மூன்றாவது அசைவு. கையில் பிடித்து எடுக்கும்போது, குவியத்தூரத்தின் தலைகீழ் எண்ணை மூடுவேகமாகக் கொள்ளும் விதி (50 மி.மீ. வில்லைக்கு 1/50 நொடி) படச்சுருள் காலத்தது. இக்கருவியில் முழு விவரமும் வேண்டுமெனில் அதன் இரு மடங்கு வேகமாவது தேவைப்படும். படவுணரியையே ஐந்து அச்சுகளில் நகர்த்தும் நிலைப்படுத்தி 4.5 படிகள் வரை ஈடுசெய்வதாக நிறுவனம் குறிப்பிடுகின்றது. ஆயினும் அது கையின் நடுக்கத்தையே ஈடுசெய்யும், காற்றில் ஆடும் இலையை நிறுத்தாது. முந்திய ஆல்பா 7ஆர் இல் மூடியின் அதிர்வே படத்தைக் குலைத்தது. தொலைவில்லைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. ஆல்பா 7ஆர் 2 இல் சேர்க்கப்பட்ட மின்னணு முன்திரை இக்குறையைப் பெருமளவு நீக்கியது. பிரிதிறன் அட்டவணைகளில் இடம்பெறாத இம்மாற்றம், கூடுதலான 6 மெகாபிக்சலைவிட மதிப்புள்ளது எனலாம்.

இரைச்சல்

சிறிய பிக்சல்கள் அதிக இரைச்சல் தரும் என்பது பரவலான கருத்து. திரையில் 100 விழுக்காட்டில் பெரிதாக்கிப் பார்த்து இம்முடிவுக்கு வருவது முறையன்று. அவ்வாறு பார்க்கும்போது கூடிய பிக்சலுள்ள படமே அதிகம் உருப்பெருக்கப்படுகின்றது. இரு படங்களையும் ஒரே அச்சளவிற்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால் வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். ஒரே பரப்புள்ள படவுணரிகள் ஏறத்தாழ ஒரே அளவு ஒளியையே திரட்டுகின்றன என்பதே காரணம். இக்கருவியில் ஐ.எஸ்.ஓ 640 இல் மின்சுற்றின் பெருக்கமுறை மாறி, நிழற்பகுதி இரைச்சல் சட்டெனக் குறைகின்றது. ஆகவே, மங்கிய ஒளியில் ஐ.எஸ்.ஓ 500 ஐவிட 640 பயனுடையதாக இருக்கக்கூடும்.

ரா கோப்புச் சிக்கல்

வெளியான தொடக்கத்தில் இக்கருவி இழப்புள்ள முறையில் சுருக்கிய ரா கோப்புகளை மட்டுமே பதிந்தது. இம்முறையில் 16 பிக்சல்கள் ஒரு தொகுதியாகக் கொள்ளப்படும். அத்தொகுதியின் மிகுந்த, குறைந்த மதிப்புகள் 11 பிட்டிலும், ஏனைய பிக்சல்களின் வேறுபாடுகள் 7 பிட்டிலும் எழுதப்படும். கருவானில் விண்மீன் தடம் போல, ஒரே தொகுதியில் பேரொளியும் பேரிருளும் அடுத்தடுத்து வருமாயின், வேறுபாடுகளைப் பதியும் படிகள் கரடாகி, விளிம்பை ஒட்டிப் பிசிறுகள் தோன்றும். மிகத் துல்லியமான படவுணரியை அமைத்துவிட்டு, அதன் தரவைக் கோப்பில் இழப்பது பொருந்தாச் செயல் என்ற குறைகூறல் வலுத்தது. 2015 அக்டோபரில் வந்த மென்பொருள் இற்றைப்படுத்தல் சுருக்கப்படாத 14 பிட் கோப்பினை வழங்கியது. அதன் விலை சேமிப்பிடம்: ஒரு படம் ஏறத்தாழ 42 மெகாபைட்டிலிருந்து 85 மெகாபைட்டாக உயர்ந்தது.

பயன்பாடு

கருவியின் எடை மின்கலத்துடன் 625 கிராம். சிறிய மின்கலமே பெரிய குறை; காண்குழலைப் பயன்படுத்தினால் தரமுறைச் சோதனைப்படி சுமார் 290 படங்களே எடுக்கலாம். நினைவட்டைக்கு ஒரே செருகுவாய் உள்ளதால், மீண்டும் எடுக்க இயலாத திருமணம் போன்ற நிகழ்வுகளில் படங்களுக்கு உடனடிப் படி இல்லை. 4கே நிகழ்படத்தில், முழுச்சட்டத்தைவிடப் படவுணரியின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் முறையே தெளிவானது. நெடுநேரம் பதிந்தால் கருவி சூடேறி நின்றுவிடுவதும் உண்டு.

இக்கருவியின் வில்லைப் பொருத்தி, படவுணரியிலிருந்து 18 மி.மீ. தொலைவில் உள்ளது, கேனான் ஈ.எஃப். பொருத்தியில் இது 44 மி.மீ. எஞ்சிய 26 மி.மீ. இடைவெளியில் இணைப்பி ஒன்றைப் பொருத்திக் கேனான் வில்லைகளைப் பயன்படுத்தலாம். படவுணரியிலேயே 399 கட்ட உணர்புள்ளிகள் இருப்பதால் தானியங்கு குவியமும் அவற்றுடன் ஓரளவு நன்கு இயங்குகின்றது. சோனியின் சொந்த முழுச்சட்ட வில்லைகள் குறைவாயிருந்த 2015 இல், பலர் தம் பழைய வில்லைகளை விற்காமலே இக்கருவிக்கு மாற இது வழிவகுத்தது.

2017 இல் வெளிவந்த ஆல்பா 7ஆர் 3, அதே 42.4 மெகாபிக்சலைத் தக்கவைத்து, பெரிய மின்கலத்தையும் இரண்டு அட்டைச் செருகுவாய்களையும் சேர்த்தது. 2019 இல் வந்த ஆல்பா 7ஆர் 4 பிரிதிறனை 61 மெகாபிக்சலாக உயர்த்தியது.