ஓய்வு வாரமும் காஷன் ஆர்டரும்

நம் ஓட்டக் குழுவில் நான்காவது வாரம் வந்தால் போதும், முணுமுணுப்பு தொடங்கிவிடும். "இப்பத்தான் சார் கால் பழகியிருக்கு, இந்த நேரத்தில போய்க் குறைக்கச் சொல்றீங்களே!" என்பார் ஒருவர். இன்னொருவர் வாய் திறக்காமல் தலையாட்டிவிட்டு, சாயங்காலம் ரகசியமாக சிவாஜி பார்க்கைச் சுற்றி ஓடுவார். அட்டவணை போடும் வேலை என்னிடம் இருப்பதால் பதில் சொல்லும் கடமையும் என்னுடையதே. காலை இருட்டில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற சமாசாரமல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன். ஓடாத அன்பர்களும் படிக்கலாம். வீட்டில் யாராவது ஓடிக்கொண்டிருப்பார்கள்.

2004-ல் தொடங்கிய மும்பை மாரத்தானின் முழு தூரம் 42.195 கி.மீ. ஜனவரியில் நடக்கும் அந்தப் பந்தயத்துக்கு நாங்கள் செப்டம்பரிலேயே ஆயத்தமாகிவிடுகிறோம். வாரத்துக்கு 40 கி.மீ., அடுத்த வாரம் 44, அதற்கடுத்து 48. நான்காவது வாரம் 32-தான். ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டமும் 24-லிருந்து 15-ஆக இறங்கும். இந்த நான்காவதுதான் ஓய்வு வாரம். ஓட்டம் முழுக்க நிற்பதில்லை, பாரம் மட்டும் குறைகிறது.

ஏன் குறைக்க வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு. கி.மீ.க்கு ஏழு நிமிடம் என்று ஓடுகிறவர் 24 கி.மீ. முடிக்க 168 நிமிடம் ஆகும். நிமிடத்துக்கு 165 அடி வைத்தால் மொத்தம் சுமார் 27,700 அடிகள். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. 70 கிலோ ஆசாமிக்குக் குறைந்தபட்சமாக 150 கிலோ என்று வையுங்கள். இரண்டு கால்களுமாகச் சேர்ந்து ஒரே காலையில் 4,000 டன்னுக்கு மேல் வாங்குகின்றன! 58 வேகன் கோத்த நிலக்கரி ரயிலின் எடை ஏறக்குறைய 4,700 டன். ஞாயிறுதோறும் நாம் காலின் மேல் ஒரு கூட்ஸ் வண்டியை ஓட்டிப் பார்க்கிறோம் என்று சொன்னால் மிகையில்லை.

தண்டவாளத்துக்கும் எலும்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தண்டவாளத்தில் விழுந்த கீறல் தானாக ஆறாது. இத்தனை கோடி டன் போனதும் மாற்ற வேண்டும் என்று நாங்கள் கணக்கு வைத்திருப்போம். எலும்பு அப்படியல்ல. பாரம் விழுந்த இடத்தில் பழைய எலும்பை ஒருவகைச் செல்கள் கரைத்து எடுக்கின்றன. பின்னால் வேறுவகைச் செல்கள் வந்து புதிதாகக் கட்டுகின்றன. கரைக்க இரண்டு மூன்று வாரம் போதும், கட்டி முடிக்க மூன்று மாதம்கூட ஆகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பிருந்ததைவிடப் பலவீனமாக இருக்கிறது. மூச்சும் தசையும் சீக்கிரம் பழகி "இன்னும் ஓடு" என்கின்றன. எலும்பும் தசைநாணும் பின்தங்கி வருகின்றன. தொல்லையெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

பாதை ஜல்லியைத் தோண்டிச் சலித்துப் போட்ட பிறகு நாங்கள் செய்ததும் இதே வேலைதான். புது ஜல்லி பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் இறுகியிருக்காது. ஆட்களை வைத்துக் கையால் பாக்கிங் செய்த நாட்களில் முதலில் மணிக்கு 20 கி.மீ., பிறகு 45, பிறகு 75 என்று ஏற்றி, முழு வேகம் கொடுக்க மூன்று வாரம் ஆகும். அதுவரை டிரைவருக்குக் காஷன் ஆர்டர். அந்த நாட்களில் வண்டிகளை நிறுத்திவிடவும் மாட்டோம். மெதுவாகப் போகும் வண்டிகள்தான் ஜல்லியை இறுக்குகின்றன. ஓய்வு வாரத்தில் அடியோடு படுத்துக் கிடக்க வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

இரண்டு வருடம் முன்பு செம்பூரிலிருந்து வந்த தம்பி ஒருவர், வங்கி உத்தியோகஸ்தர், குழுவில் அவர்தான் வேகம். இரண்டு ஓய்வு வாரங்களைத் தாண்டிக் குதித்தார். டிசம்பரில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு விரல் அகலத்துக்கு வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் மேலும் ஒரு வாரம் ஓடினார். எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் எலும்பில் மயிரிழை விரிசல் தெரிந்தது. பந்தயத்தன்று சாலையோரம் நின்று எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார், எங்களுக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இது புது வியாதியல்ல. நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த பிரஷ்யச் சிப்பாய்களின் பாதத்தில் வரும் வீக்கத்தைப் பற்றி 1855-லேயே ஒரு ராணுவ டாக்டர் எழுதியிருக்கிறார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது எலும்பு விரிசல் என்று புரிந்தது.

ஐம்பதைத் தாண்டியவர்கள் நான்காவது வாரம்வரை காத்திருக்காமல் மூன்றாவது வாரமே குறைத்துக்கொள்வது நல்லது. காலையில் படுக்கையை விட்டு எழுமுன் நாடித்துடிப்பை எண்ணி, காலண்டரில் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு துடிப்பு கூடுதலாக இரண்டு மூன்று நாள் நீடித்தால் உடம்பு தேறவில்லை என்று பொருள். தூக்கம் கெடுவதும், வீட்டில் காரணமில்லாமல் எரிந்து விழுவதும் அடையாளங்களே (பின்னதை வீட்டுக்காரர்கள் சரியாகச் சொல்லிவிடுவார்கள்). டோம்பிவிலி லோக்கலில் ஒன்றேகால் மணி நேரம் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு போவது ஓய்வுக் கணக்கில் சேராது. முடிந்தால் அந்த வாரம் ஒரு வண்டி முன்னதாகப் பிடித்து உட்கார்ந்து போங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டம் குறைந்த வாரம்தானே என்று சாதத்தைக் குறைக்கிறார்கள். எலும்பு கட்டப்படுவது அப்போதுதான். தயிர், பருப்பு, கேழ்வரகு எதையும் குறைக்காதீர்கள். புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருக்கிறவர்கள் என்னிடம் முன்கூட்டிச் சொன்னால், அந்த ஞாயிறு நீள ஓட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றித் தருகிறேன். ஓய்வு முடிந்த வாரம் எடுத்த எடுப்பில் 52-க்குத் தாவ வேண்டாம், 46-ல் ஆரம்பிக்கிறோம்.