தாயக்கட்டையும் ஆர்பி சர்வரும்

போன வைகுண்ட ஏகாதசி ராத்திரி சின்ன காஞ்சிபுரத்தில் எங்க வீட்டில் ரெண்டு ஆட்டம் ஓடிக்கிட்டிருந்தது. கூடத்தில் அம்மா பரமபதப் படத்தை விரிச்சு, பித்தளைத் தாயக்கட்டையை உருட்டிக்கிட்டு இருந்தாங்க. உள் ரூமில் அக்கா பையன் ஹெட்போனை மாட்டிக்கிட்டு, "அண்ணே, மீட்டர்லாம் போட மாட்டேன், பேசித்தான் வருவேன்"னு யார்கிட்டயோ சண்டை. ஜிடிஏ 5-இல் ஒரு தமிழ் ஆர்பி சர்வர். அதில் அவன் டாக்ஸி டிரைவர்.

சுத்தி உட்கார்ந்து ஆடுற ரோல்ப்ளேயை வீடியோ கேம் தலைமுறை தலைமுறையா விழுங்கிட்டு வருதான்னு ரொம்ப நாளா ஒரு கேள்வி உண்டு. அன்னைக்கு ராத்திரிதான் அதை உட்கார்ந்து யோசிச்சேன்.

மேசை ரோல்ப்ளே தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: நாலைஞ்சு பேர் உட்காருவாங்க, ஆளுக்கு ஒரு வேஷம். ஒருத்தர் மட்டும் கேம் மாஸ்டர். நம்ம கூத்துக் கட்டியக்காரன் மாதிரி, கதைக்கு உள்ளேயும் இருப்பார், வெளியேயும் இருப்பார். "கதவை உடைக்கிறேன்"னு நீங்க சொன்னா, பகடையை உருட்டச் சொல்லி, உடைஞ்சுதா இல்லையான்னு சொல்லுவார். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வந்தது.

அடுத்த வருஷமே, 1975-இல், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினியில் அதைப் பார்த்து ஒரு கேம் எழுதிட்டாங்க. பேரு 'பெடிட்5'. பாட வேலைக்கான ஃபைல் மாதிரி தெரியுற பேர். அப்படியும் நிர்வாகிகள் கண்டுபிடிச்சு அழிச்சுக்கிட்டே இருந்தாங்க. ஆக ரெண்டுக்கும் ஒரு வருஷம்தான் வயசு வித்தியாசம். தாத்தாவைப் பேரன் துரத்திவிட்ட கதை இங்கே பொருந்தாது. 2023-இல் பெரிய வெற்றி பெற்ற பால்டர்ஸ் கேட் 3 கூட அந்த மேசை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகளை வச்சுத்தான் ஓடுது.

வித்தியாசம் வேற இடத்தில் இருக்கு. கணினியில் எழுதி வச்சதை மட்டும்தான் செய்ய முடியும். கதவை உடைக்காம, உள்ளே இருக்கிறவனோட மாமியார் பேரைச் சொல்லித் திறக்க வைக்கலாமான்னு கேட்டா, அதுக்குப் பட்டன் கிடையாது. மனுஷ நடுவர்னா ஒரு நிமிஷம் யோசிச்சு, "சரி, உருட்டு"ன்னு சொல்லுவார்.

ஆர்பி சர்வர் என்னை ஆச்சரியப்படுத்தினது இதில்தான். அங்கே ஒரு பொது விதி: யாராவது துப்பாக்கியை நீட்டினா நீங்க பயப்படணும். நிஜ உயிர் போற மாதிரி நடந்துக்கணும். பயந்தியா இல்லையான்னு கணினியால் எப்படிச் சொல்ல முடியும்? புகார் போகும், அட்மின் வீடியோவைப் பார்ப்பார், ரெண்டு தரப்பையும் கேட்பார், தீர்ப்பு சொல்லுவார். படம் கம்ப்யூட்டரோடது, நடுவர் மனுஷன். மேசை ரோல்ப்ளேயோட உயிரே அந்த நடுவர்தான்.

நம்ம பக்கம் கதையே வேற. சென்னை, பெங்களூர் மாதிரி ஊர்களில் சின்னச் சின்னக் குழுக்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறாங்க, ஆனா எங்க தெருவுக்கு அது வரவே இல்லை. வராத ஆட்டத்தை எதுவும் விழுங்க முடியாது. இங்கே போன் தின்னது தாயத்தையும் பரமபதத்தையும்தான்.

பரமபதம் ரோல்ப்ளே ஆகுமா? படத்தை மட்டும் பார்த்தா ஆகாது. காய் ஏணியில் ஏறும், அசுரன் பேர் போட்ட பாம்பு கடிச்சா இறங்கும், அவ்வளவுதான். ஆனா எங்க வீட்டில் பாட்டி காலத்திலிருந்து ஒரு விதி. பெரிய பாம்பு கடிச்சா, என்ன பாவம் பண்ணினதால கடிபட்டோம்னு ஒரு கதை கட்டிச் சொல்லணும். கூடத்தில் இருக்கிறவங்க குறுக்குக் கேள்வி கேட்பாங்க. அம்மா ஏத்துக்கிட்டாதான் அடுத்த உருட்டு. தறியில் இழையைத் திருடி மாட்டிக்கிட்டதா ஒரு வருஷம் மாமா சொன்ன கதைக்கு விடியுற வரைக்கும் சிரிச்சோம்.

போனில் பரமபத ஆப் இருக்கு, நானும் ஆடிப் பார்த்தேன். பாம்பு கடிச்சா காய் தானா சறுக்கி இறங்குது, எதுவும் கேட்கிறதில்லை. எங்க விதி எங்கேயும் எழுதப்படலை. அம்மாவுக்கு எழுபத்தி மூணு வயசு.

அன்னைக்கு ஆள் குறைஞ்சதால பையனை இழுத்து உட்கார வச்சேன். முணுமுணுத்துக்கிட்டே உருட்டினான். நாலாவது உருட்டிலேயே பெரிய பாம்பு. விதியைச் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு டாக்ஸி டிரைவர் குரலில் ஆரம்பிச்சான்: "சவாரிக்கு இருபது ரூபா கூடக் கேட்டுட்டேன், பாட்டி."

அம்மா கட்டையைக் கொடுக்கலை. "அதுக்கெல்லாம் இவ்வளவு பெரிய பாம்பு கடிக்காது. நிஜத்தைச் சொல்லு."