லோரி வரிசையில் ஒரு கணக்கு

பட்டத்துக்குப் பிறகு – தொடர் 9

சுங்கை பஞ்சாங் பக்கம் காலையில் வெட்டிய செம்பனைக் குலை சாலையோரத்தில் லோரிக்குக் காத்துக் கிடக்கும். நேரம் போகப் போக நட்டம்தான். அடிபட்ட பழத்தில் அமிலம் ஏறும். கச்சா எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் தரம் போயிற்று. குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று சொல்வது அதனால்தான். இன்று எந்தப் பிளாக்கை வெட்டுவது, எத்தனை லோரி அனுப்புவது, எந்த வழியாக அனுப்புவது? இந்தக் கேள்விகளுக்குக் கணிதத்தால் விடை தேடும் படிப்புக்குச் செயல்முறை ஆராய்ச்சி என்று பெயர். ஆங்கிலத்தில் ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளுக்கு உதவ வந்த விஞ்ஞானிகள் வளர்த்த துறை இது. போர் முடிந்ததும் தொழிற்சாலைக்கும் போக்குவரத்துக்கும் வந்து சேர்ந்தது. ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டுபிடித்தார். 1959இல் ஜான் ராம்சருடன் சேர்ந்து, பெட்ரோல் லோரிகளை நிலையங்களுக்கு எப்படிப் பிரித்து அனுப்புவது என்று ஒரு கட்டுரை எழுதினார். பெட்ரோலுக்குப் பதில் குலை என்று வைத்துப் பாருங்கள், அது நம் தோட்டத்துக் கணக்கு. கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் செம்பனையை வணிகப் பயிராக நட்ட நாளிலிருந்து இந்த மாவட்டத்துக்கும் அந்தக் கணக்கு உண்டு.

ஆலை வாசலில் எடைமேடை ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். மணிக்குச் சராசரி 12 லோரியை அது நிறுத்து அனுப்பும். லோரிகள் முன்பின்னாக, மணிக்குச் சராசரி 9 வருகின்றன. வரிசைக் கோட்பாட்டின் எளிய சூத்திரப்படி, ஒரு லோரி வந்து நின்று எடை போட்டு வெளியேற 20 நிமிடம் ஆகும். மணிக்கு 11 லோரி வந்தால்? ஒரு மணி நேரம். கூடியது இரண்டே லோரி, நேரமோ மூன்று மடங்கு. மேடை இன்னும் ஓய்வாகத்தானே இருக்கிறது என்று கண்ணால் பார்த்து முடிவெடுப்பவர் இங்கேதான் ஏமாறுகிறார். கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் இந்தக் கோட்பாட்டுக்கு வித்திட்டது 1909இல்.

இதை முதுகலையில் படிக்க என்ன வேண்டும்? "நான் கணிதப் பட்டதாரி இல்லையே" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பொறியியல், கணினி, பொருளியல், புள்ளியியல் படித்தவர்களும் இத்துறைக்குப் போகிறார்கள். சேர்க்கைக் குழு பட்டத்தின் பெயரைவிட மதிப்பெண் பட்டியலுக்குள் இருப்பதைத்தான் பார்க்கும். பல மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவும் புள்ளியியலும், ஒரு நிரல்மொழி ஆகிய நான்கும் இருந்தால் விண்ணப்பம் நிற்கும். முனைவர் பட்டம் வரை போக நினைப்பவர் மெய்யெண் பகுப்பாய்வையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மலேசியாவில் முதுகலைக்குப் பொதுவான தகுதி சி.ஜி.பி.ஏ. 2.50. அதற்குக் குறைந்து 2.00க்கு மேல் இருந்தால், துறை சார்ந்த ஐந்தாண்டு வேலை அனுபவம் கைகொடுக்கும். ஆலை அலுவலகத்தில் லோரி அட்டவணை போட்டவர் அந்த அனுபவத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். பட்டமே இல்லாமல் எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமாவோடு நின்றவருக்கும், 30 வயதாகியிருந்தால், அனுபவத்தை மதிப்பிடும் 'ஏப்பல்' வழி இருக்கிறது. இவையெல்லாம் அடிமட்ட அளவுகோல். பல்கலைக்கழகங்கள் இதற்கு மேலும் கேட்கலாம்.

பாடவேலை வழி முதுகலைக்குக் குறைந்தது 40 கிரெடிட். நேரியல் திட்டமிடல், முழு எண் திட்டமிடல், வரிசைக் கோட்பாடு, கணினிப் பாவனை, முன்கணிப்பு ஆகியவை இத்துறையின் வழக்கமான பாடங்கள். கடைசியில் ஒரு செயல்திட்டம். தோட்டத்துப் பிள்ளைக்குத் தலைப்பு தேடும் வேலை இல்லை. குலை ஏற்றும் லோரி இருக்கிறது. தஞ்சோங் காராங் பாசனத் திட்டத்தில் எந்த வயல் பகுதிக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்ற கேள்வியும் இருக்கிறது.

எங்கே படிப்பது? சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகம் முடிவெடுப்பு அறிவியல் என்ற பெயரில் இதை நடத்துகிறது. இந்தியாவில் டெல்லி பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனித்துறை உண்டு. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தின் எம்.டெக். படிப்பு தரம், நம்பகம், செயல்முறை ஆராய்ச்சி மூன்றையும் சேர்த்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. 1953இலேயே இதற்கு ஒரு மையம் தொடங்கிவிட்டது. பணம் கட்டிச் சேருமுன், இது நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஜி. சீனிவாசனின் விரிவுரைகள் என்.பி.டெல். தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மொழி ஆங்கிலம்தான், ஆனால் கரும்பலகையில் படிப்படியாகக் கணக்கைப் போட்டுக் காட்டுவார்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒன்று. ஐந்தாம் படிவக் கூடுதல் கணிதத்தில் நேரியல் திட்டமிடல் ஓர் அத்தியாயமாகவே இருக்கிறது. இரண்டு மாறிகளை வரைபடத்தில் போட்டு, எது இலாபம் என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். முதுகலையில் அதே கணக்கு ஆயிரக்கணக்கான மாறிகளோடு வரும், தீர்ப்பது கணினி. ஆகவே கூடுதல் கணிதம் கஷ்டம் என்று பிள்ளை கைவிடப் பார்த்தால் கொஞ்சம் பிடித்து நிறுத்துங்கள். ஆறாம் படிவத்துக்குப் போனால் 'மெத்தமெட்டிக்ஸ் டி' எடுக்கட்டும். முதுகலைக்கான சேர்க்கை பதினேழு வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

பட்டம் முடித்தவர்கள் இந்த வாரமே மதிப்பெண் பட்டியலை எடுத்து, மேலே சொன்ன நான்கில் எது இல்லை என்று பாருங்கள். ஒன்று குறைந்தால் இணையவழிப் பாடத்தில் சேர்ந்து சான்றிதழ் வாங்கலாம். ஏற்பார்களா என்று பல்கலைக்கழகத்திடம் முதலில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம்: பரிந்துரைக் கடிதம் – யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?